இரண்டு தரம் திருப்பிய முகம்

மேடவாக்கத்தில் பூவராகன் வீடு எது என்று பேரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பால்கனிக் கொடியில் படம் படமாகத் தொங்குமே, அந்த வீடு எது என்று கேளுங்கள், தண்ணி லாரி ஓட்டுகிறவர்கூடக் கையைத் தூக்கி மூன்றாவது மாடியைக் காட்டுவார். பனியனும் துண்டும் தொங்க வேண்டிய இடத்தில் மாடும் மரமும் மனுஷ முகமும் தொங்கினால் ஊர் கவனிக்காமல் என்ன செய்யும். எல்லாம் அவர் கையால் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்த அச்சுப் படங்கள். மை காய வேறு இடம் இல்லை, பாவம்.

மனிதர் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவருக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்கள்? ஆண்டு விழாவுக்குத் தெர்மாகோல் வெட்டுவது, தலைமை ஆசிரியர் அறைக்கு ‘அமைதி காக்கவும்’ என்று எழுதித் தருவது. டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாரம் தவறாமல் பிடுங்கிக்கொள்வார். பூவராகன் ஒரு நாளும் சண்டைக்குப் போனதில்லை. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத ஆள் அவர்.

அதோடு, எதையும் முடிவு பண்ணவும் தெரியாது. ஒரு சட்டை எடுக்க ஊரில் இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வந்தால், அங்கே பார்த்த சட்டை விற்றுப்போயிருக்கும். வண்ணம் தீட்டிய காலத்திலும் அதே கதைதான். இன்று நீலம், நாளைக்கு அதன் மேல் பச்சை, மறுநாள் பச்சையைச் சுரண்டி மறுபடி நீலம். லினோ கைக்கு வந்த பிறகுதான் பிழைத்தார். தரைவிரிப்பு மாதிரி இருக்கும் அந்தத் தகட்டில் உளியை வைத்து ஒரு கீற்று எடுத்துவிட்டால் எடுத்ததுதான், ஒட்டவைக்க முடியாது. “நானே நினைச்சாலும் மாத்த முடியாதுல்ல, அதான் நிம்மதியா இருக்கு” என்பார் மனைவி சாவித்ரியிடம். “என்னையும் அப்படித்தானே கட்டிக்கிட்டீங்க” என்று சாவித்ரி கேட்பார். சாவித்ரி மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர். பேச்சில் மிச்சம் வைக்க மாட்டார்.

அந்த நிம்மதிக்குத்தான் இந்த வருஷம் ஆபத்து வந்தது. வந்தது சுப்புலட்சுமி அக்கா ரூபத்தில்.

சுப்புலட்சுமி பனையூர்க் குப்பத்து ஆள். விடிந்ததும் கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறி, சோழிங்கநல்லூரில் மாறி, பூவராகன் குடியிருக்கும் தெருமுனைக்கு வந்து குந்துவார். மீன் விற்பதில் கெட்டிக்காரி. நாக்கு அதைவிடக் கெட்டிக்காரி. “இன்னா சாரு, சங்கரா மீன மொறைச்சுகினே நிக்கிற. அதுவும் உன்ன மொறைக்குது பாரு. ரெண்டு பேரும் வூட்டுக்குப் போயி பேசிக்கோங்க” என்று சொல்லியே பையில் போட்டுவிடுவார்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் எழுந்தபோது அக்காவுக்கு முகம் ஒரு பக்கம் மரத்துக் கிடந்தது. வைத்தியம் பார்த்து முக்கால்வாசி சரியாகிவிட்டது. வாய் மட்டும் இடது பக்கம் கொஞ்சம் இழுத்தபடியே நின்றுவிட்டது. மீன் விற்கும்போது அவர் அதைப் பற்றி நினைப்பதில்லை. யாராவது போனைத் தூக்கினால் போதும், முந்தானை வாய்க்கு வந்துவிடும். மகள் அஞ்சலி கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூடப் பெண்ணைப் பெற்றவளுக்கு வாய் இல்லை.

இது போதாதென்று, பூவராகன் வீட்டு அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு பையன், அக்கா பேரம் பேசுவதை வீடியோ எடுத்து, குடியிருப்போர் வாட்ஸப் குரூப்பில் சிரிக்கிற பொம்மைகளோடு போட்டுவிட்டான். அக்கா பல நாள் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. குரூப்பில் “இது சரியில்லை, எடுங்க” என்று எழுதிய ஒரே ஆள் பூவராகன். வாழ்நாளில் அவர் போட்ட ஒரே சண்டை அது. அக்காவுக்கு அது எப்படியோ தெரியும். திரும்பி வந்த அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் கூட இரண்டு மீனை அள்ளிப் போட்டார்.

இந்த மே மாதம் படகுக்குத் தடைக்காலம், பள்ளிக்கூடத்துக்கு லீவு. கூடையில் மீன் குறைவு, பூவராகனுக்கு வேலையும் குறைவு. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அக்கா, உங்களை வரையட்டுமா? போட்டோ எல்லாம் எடுக்க மாட்டேன். பென்சிலாலதான். அப்புறம் அச்சுப் போட்டு, ஒரு எக்ஸிபிஷன்ல வைக்கப்போறேன்.”

அக்கா கத்தியைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் அவரைப் பார்த்தார்.

“போட்டோதான் எனக்கு ஆவாது. அதுல யாரோ ஒருத்தி குந்திகினு கீறா. அஞ்சலி போன்ல என்னியும் சேத்து செல்பி புடிக்கும்போது பாத்தா நான்தான் கீறேன். புடிச்சி முடிச்சா வேற எவளோ கீறா. அந்த எழவ யாராண்ட சொல்றது.”

பூவராகனுக்கு அது புரியவில்லை. சரி, அக்காவுக்கு மனக்குறை என்று விட்டுவிட்டார்.

“வரஞ்சிக்கோ. ஆனா ஒண்ணு” என்றார் அக்கா. “நான் எப்டி கீறனோ அப்டியே போடணும். வாய நேராக்கி அழகு பண்ணாத. கேலியும் பண்ணாத. பண்ணன்னு வையி, அப்பால நீ யாரோ நான் யாரோ.”

“சத்தியமா அப்படியே போடறேன்க்கா” என்றார் பூவராகன். கேட்டீர்களா, சத்தியம்.

தெருமுனையில் அடைத்துக் கிடந்த ஒரு செல்போன் கடை வாசலில் மே மாதம் முழுக்க உட்கார்ந்து வரைந்தார். முந்தானை முதல் நாளே வாயை விட்டு இறங்கிவிட்டது. அக்கா கதை பேசுவார், ஈயை விரட்டுவார், வருகிறவரிடம் சண்டை போடுவார், பூவராகன் கோட்டின் மேல் கோடு போட்டுக்கொண்டே இருப்பார். இடது பக்கம் இழுத்த அந்த வாயை எத்தனை தடவை வரைந்தார் என்று அவருக்கே தெரியாது. கடைசியில் ஒரு படம் அமைந்தது. வலது கையில் மீன், இடது தோளில் முந்தானை, சொல்ல வாயெடுத்த முகம். நல்ல படம்தான், நானே சொல்கிறேன்.

இனி அச்சு வேலை. லினோவில் செதுக்கியதைத் தாளில் ஒற்றினால் இடம் வலம் மாறித்தான் விழும். அதனால் படத்தைத் திருப்பித்தான் லினோவில் இறக்க வேண்டும். பூவராகனின் வழி சுலபமானது. படத்தை, மறுபக்கம் தெரிகிற டிரேசிங் தாளில் பென்சிலால் நகல் எடுப்பார். பென்சில் பக்கத்தைக் கவிழ்த்து லினோவில் வைத்துத் தேய்ப்பார். கோடு தானாகத் திரும்பி இறங்கிவிடும். இருபது வருஷப் பழக்கம்.

இந்தத் தடவை தேய்ப்பதற்கு முன்னால், கோடு மங்கலாக இருக்கிறதே என்று தாளைப் புரட்டினார். பின்பக்கம் தெரிந்த கோட்டின் மேலேயே அழுத்தி இன்னொரு தரம் வரைந்தார். அதுவரைக்கும் சரி. பிறகு பழக்க தோஷத்தில், புதிதாக வரைந்த அந்தப் பக்கத்தை லினோவில் கவிழ்த்துத் தேய்த்தார். ஒரு தரம் திருப்பினால் திருப்பியதாகும். இரண்டு தரம் திருப்பினால் பழைய பக்கத்துக்கே வந்துவிடும். சின்னக் குழந்தைக்குத் தெரியும் இது. இருபது வருஷ அனுபவஸ்தருக்குத் தெரியவில்லை.

லினோவில் அக்கா அச்சு அசலாக, தெருமுனையில் எப்படி உட்கார்ந்திருப்பாரோ அப்படியே இருந்தார். பூவராகனுக்கு ஒரே பூரிப்பு. “பாரேன், எவ்வளவு சரியா வந்திருக்கு” என்று சாவித்ரியைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்தத் தொழிலில் லினோவில் சரியாக இருந்தால் தாளில் தப்பாக வரும் என்று அர்த்தம். அந்த நேரம் புத்தி எங்கே போயிருந்ததோ.

அவர் செய்வது ஒரே லினோவில் பல வண்ணம் ஏற்றுகிற வேலை. முதலில் எல்லாத் தாளிலும் மஞ்சளை ஒற்ற வேண்டும். பிறகு மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தில் சிவப்பு. மறுபடி செதுக்கி எறிந்துவிட்டு நீலம். கடைசியில் கறுப்பு. கறுப்புக்கு வரும்போது லினோவில் முக்கால்வாசி குப்பைக்குப் போயிருக்கும். இன்னொரு தாள் வேண்டும் என்றால் கிடையாது. திரும்பிப் போக வழியே இல்லை. இதைத்தானே மனிதர் நிம்மதி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மஞ்சளும் சிவப்பும் நீலமும் வெறும் திட்டுகளாகத்தான் தெரிந்தன. கண்ணும் வாயும் கறுப்பில்தான் வரும். ஆடி பிறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறுப்பைத் தடவி, தாளைப் போட்டு, குழம்புக் கரண்டியின் முதுகால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, ஒரு முனையைப் பிடித்து மெதுவாக உரித்தார். சுப்புலட்சுமி அக்கா அவரைப் பார்த்தார். வாய் வலது பக்கம் இழுத்திருந்தது. முந்தானை வலது தோளில் கிடந்தது. மீன் இடது கையில் இருந்தது.

ஒன்றில்தான் தப்போ என்று பூவராகன் மற்றத் தாள்களையும் ஒற்றிப் பார்த்தாராம். அத்தனையிலும் அப்படித்தான் வரும், வேறு எப்படி வரும்? பால்கனியில் வரிசையாகத் தொங்கிய அக்காமார்களைப் பார்த்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“யாரு கவனிக்கப்போறாங்க” என்றார் சாவித்ரி முதலில்.

“அவங்க கவனிப்பாங்க. அப்படியே போடறேன்னு சத்தியம் பண்ணிருக்கேன். ஒரு மாசம் எதிர்ல உட்கார்ந்து வரைஞ்சேன். வாய் எந்தப் பக்கம்னுகூடப் பாக்காம வரைஞ்சிருக்கான்னு நினைக்க மாட்டாங்களா? அந்தப் பையன் வீடியோவே தேவலைன்னு ஆயிடும்.”

சாவித்ரி கொடியில் தொங்கிய ஒரு படத்தின் அருகே போய் நின்று பார்த்தார். பிறகு சொன்னார், “அப்ப அவங்க வந்து பாக்கறதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லிடுங்க.”

சொல்லத்தான் போனார். மறுநாள் காலையில் தெருமுனைக்குப் போய் “அக்கா…” என்று ஆரம்பித்தார். “இன்னா சாரு, படம் ரெடியா? அஞ்சலிய இஸ்துகினு வரேன் சனிக்கெழம. குப்பத்துல எல்லாராண்டயும் சொல்ட்டேன்” என்றார் அக்கா. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பூவராகன் சங்கரா வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த நாளும் சொல்லப் போனார், நெத்திலியோடு வந்தார். அதற்கு அடுத்த நாள் ஒரு பெரிய கொடுவா. ஃப்ரிட்ஜில் இடம் இல்லை. “இன்னும் ரெண்டு நாள் நீங்க இப்படி உண்மை பேசப்போனா, நாம கருவாட்டுக் கடை வைக்கலாம்” என்றார் சாவித்ரி.

கண்காட்சி கிழக்குத் தாம்பரத்தில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருக்கும் சாப்பாட்டு ஹாலில். ஆடி மாதம் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், மண்டபம் சும்மா கிடக்கும். புறநகரில் அச்சுப் படம் போடுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வருஷா வருஷம் இந்த ஆடியில்தான் படம் மாட்டுவார்கள். ஹாலில் பழைய சாம்பார் வாசனை போகவே போகாது. எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்கிறவர் ஷ்யாம்சுந்தர், குரோம்பேட்டைக்காரர், தாமிரத் தகட்டில் கீறி அச்சுப் படம் எடுப்பவர். வெள்ளிக்கிழமை மாலை பூவராகன் அவரைத் தனியே கூப்பிட்டார்.

“ஷ்யாம், என் படத்தை எடுத்துடலாமா?”

“விளையாடறீங்களா சார்? நுழைஞ்சதும் முதல்ல அதுதான் தெரியணும்னு மாட்டிருக்கேன். இந்த ஹால்லயே நல்ல படம் அது.”

“திரும்பி வந்திருக்கு ஷ்யாம். இடம் வலம் மாறிப்போச்சு.”

ஷ்யாம்சுந்தர் படத்தைப் பார்த்தார், பூவராகனைப் பார்த்தார். “நீங்களா?” என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டது நன்றாகவே தெரிந்தது. “இருக்கட்டும் சார். பார்க்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லைதான். சனிக்கிழமை காலையில் வந்த கண்ணாடி போட்ட ஒருவர் படத்தின் முன்னால் நின்று, மீனை இடது கையில் கொடுத்தது துணிச்சலான சிந்தனை என்று பாராட்டிவிட்டுப் போனார். பூவராகன் கும்பிட்டார். வேறென்ன செய்வது.

பதினோரு மணி வாக்கில் மாடிப்படியில் அக்காவின் குரல் கேட்டது. பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. பக்கத்தில் அஞ்சலி, கையில் போன். பூவராகன் தூண் பக்கம் ஒதுங்கப் பார்த்தார். கூட வந்திருந்த சாவித்ரி அவர் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார்.

“அக்கா, பாக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்…”

அக்கா ஏற்கெனவே பார்த்துவிட்டார். நேரே நடந்து போய்ப் படத்தின் முன்னால் நின்றார். நடக்கும்போதே முந்தானை பழக்கத்தில் வாய்க்குப் போய்விட்டது. பக்கத்தில் வந்த அஞ்சலிதான் முதலில் பேசினாள்.

“இன்னா சார் இது? அம்மாவுக்கு வாயி இந்தப்பக்கம் இல்லயே. முந்தானகூட மாறிக்கீது. எங்கம்மா என்னிக்கு பீச்சாங்கையால மீன் குட்த்துச்சு?”

ஹாலில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று பூவராகன் நினைத்தார். நாளையிலிருந்து தெருமுனை வழியாகப் போக முடியாது, சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டார்.

“நீ சும்மா இரு” என்றார் அக்கா, மகளிடம். கண் படத்தை விட்டு அகலவில்லை. ஒரு அடி முன்னால் போனார், தலையை இப்படிச் சாய்த்துப் பார்த்தார், அப்படிச் சாய்த்துப் பார்த்தார். பொட்டை ஒரு தரம் தொட்டுச் சரி செய்துகொண்டார். படத்தைப் பார்த்துக்கொண்டே சரி செய்தார்.

“இதான் நானு” என்றார்.

அஞ்சலி கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

“இதாண்டி நானு. வூட்டுல கதவாண்ட கண்ணாடி மாட்டிகீதே, காலைல அதுல பாத்துதானே பொட்டு வக்கிறேன். இந்த மூஞ்சிதான் அதுல கீது. வாயி இந்தப் பக்கந்தான் இஸ்துகினு கீது. இத்தினி வருசமா இதத்தான் பாத்துகினு கீறேன். போட்டோல நீங்க காட்றீங்களே, அவ யாருன்னே எனக்குத் தெரியாது.”

பூவராகனுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அச்சில் திரும்பிய முகமும் கண்ணாடியில் திரும்பிய முகமும் ஒன்றுதானே. போனில் செல்ஃபி எடுக்கும்போது திரையில் தெரிவதும் கண்ணாடி முகம். எடுத்து முடித்தால்தான் ஊர் பார்க்கிற முகமாக மாறிவிடும். அக்கா மே மாதமே சொன்னதுதான் இது. வேற எவளோ கீறா என்று வாய்விட்டுச் சொன்னார். இந்த மனிதருக்குத்தான் புரியவில்லை.

அக்கா திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

“எல்லாரும் என்ன அந்தாண்டதான் பாக்கறாங்கோ. நீ எப்டி சாரு இந்தாண்ட பாத்த?”

இங்கேதான் ஒரு நிமிஷம் பூவராகன் தடுமாறினார். ஆமாம் அக்கா, வேண்டுமென்றேதான் செய்தேன் என்று சொல்லியிருந்தால் ஹாலே கைதட்டியிருக்கும். சாவித்ரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாக்கலைக்கா” என்றார். “தப்புப் பண்ணிட்டேன். தாளை ரெண்டு தரம் திருப்பிட்டேன். கறுப்பு அடிச்ச பிறகுதான் தெரிஞ்சுது. மாத்த முடியாது இதுல. உங்ககிட்ட சொல்லணும்னுதான் தெனமும் வந்தேன்.”

“அதான் தெனமும் மீனா?” என்றார் அக்கா. “நான்கூட வூட்டுல விருந்தாளிங்க வந்துகீறாங்கன்னு நெனச்சேன்.” அப்புறம் சிரித்தார். முந்தானையின் பின்னாலிருந்து கேட்ட சிரிப்பு அல்ல. கை கீழே இறங்கிவிட்டிருந்தது. இடது பக்கம் இழுத்த வாயால், அத்தனை பேர் முன்னால், வயிறு குலுங்கச் சிரித்தார். “தப்புப் பண்ணாரு பாரு, நல்ல தப்பு. இனிமேட்டு என்னப் போட்டா இப்டியே போடு சாரு.”

அப்பாடா என்று இருந்தது பூவராகனுக்கு. நெஞ்சில் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்த கல் இறங்கியதும், பக்கத்திலிருந்த பந்தி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சாவித்ரி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சாவித்ரிக்கும் கண் ஈரம்தான், ஆனால் அதைப் பற்றிக் கேட்டால் சாம்பார் நெடி என்பார்.

“அஞ்சலி, ஒண்ணு புடி” என்றார் அக்கா. படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார், கையைக் கட்டிக்கொண்டார். அஞ்சலிக்கு நம்பிக்கை வரவில்லை. “நெஜமாவாம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள்.

எடுத்ததை அக்கா வாங்கிப் பார்த்தார். போட்டோவில் இரண்டு சுப்புலட்சுமிகள் இருந்தார்கள். சுவரில் இருந்தவருக்கு வாய் ஒரு பக்கம், பக்கத்தில் நின்றவருக்கு வாய் மறுபக்கம். அக்கா சுவரில் இருந்தவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நின்றவரையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அஞ்சலி பழக்கத்தில் கையை நீட்டினாள். “குடும்மா, அழிச்சிடறேன்.”

“இருக்கட்டும்” என்றார் அக்கா. “அவளும் இருக்கட்டும்.”